மூணாவது மாடிக் கருவேலம்

மழை வரும், மழை வரும்னு ரேடியோக்காரர்ல இருந்து கிளி ஜோசியக்காரர் வரைக்கும் அடிச்சுச் சொல்லியும் ஒரு சொட்டுகூட விழாமப் போன ஒரு வருசத்துல, டவுன் பெரியாஸ்பத்திரியோட மூணாவது மாடியில, டாக்டர் ரிஸ்வானா ஆராய்ச்சி பண்ற ரூம்ல, மைக்ராஸ்கோப்புக்கும் எலிக்கூண்டுக்கும் நடுவுல, மேசைக் கல்லைப் பொத்துக்கிட்டு ஒரு சீமைக் கருவேலஞ்செடி முளைச்சது. காலையில ஒரு மருந்துக் கம்பெனியோட வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா செடி நிக்குது, ரெண்டு இலை விட்டு, ஒரு முள்ளு விட்டு. டாக்டரம்மா அதைக் குனிஞ்சு பார்த்துட்டு, "நம்ம ஜில்லாவுல இது முளைக்காத இடம்னு இந்த ஒரு மேசைதான் பாக்கி இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு, கையைக் கழுவிக்கிட்டு வேலையைப் பார்த்தாக.

அந்த நோட்டீஸ் எங்க ஊருக்கு என்ன உறவுங்கிறதைச் சொல்லணும்.

எங்க ஊர் கீழக்கூரணி. டவுன்ல இருந்து என்னோட மினிபஸ்ல ஏறுனா ஒரு குட்டித் தூக்கம் போட்டு எந்திரிக்கிற தூரம். தொழில் கரிமூட்டம். கருவேலத்தை வெட்டி, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ள தீயை விட்டு, புகை வெள்ளையில இருந்து நீலத்துக்கு மாறுற வரைக்கும் காவல் கிடந்து, கரியாக்கி லாரியில ஏத்தணும். அந்தக் கரி ஊர் ஊராப் போயி இஸ்திரிப் பெட்டிக்குள்ள எரிஞ்சு ஆபீசருங்க சட்டையை எல்லாம் விறைப்பாக்குது. முள்ளு மட்டும் எங்க காலோட தங்கிருது. முள்ளு குத்துறது எங்களுக்கு ஒரு சேதியே இல்ல. ஆனா சில முள்ளு, குத்தும்போதே ஒரு பூசணத்தையும் உள்ள வச்சிட்டுப் போயிரும். கால் மெல்ல வீங்கும், வலிக்காது, அதுதான் அதோட சூது. வலிக்காத நோய்க்கு எவன் வேலையை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போவான்? அப்புறம் ஓட்டை ஓட்டையா விழுந்து கடுகு மாதிரி கருப்புக் குருணை கொட்டும், கடைசியில எலும்புக்குள்ள போயி உக்காந்துக்கும். டாக்டருங்க இதுக்கு மதுரைக்கால்னு பேர் வச்சிருக்காங்க. பேர் என்னமோ கம்பீரமாத்தான் இருக்கு.

கரிமூட்டம் போடுற வழிவிட்டானோட பொண்டாட்டி பஞ்சவர்ணத்துக்கு வலது கால்ல அது. மூட்டம் அடுக்குறதுல பஞ்சவர்ணம் கை பட்டா ஒரு கட்டை சாயாது. வாய் பட்டா ஒரு ஆள் நிக்க மாட்டான். ஆபரேசன் பண்ற பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துட்டு, தீபாவளி கழிஞ்சு வர்ற திங்கக்கிழமை முழங்காலுக்குக் கீழ எடுத்துரணும், தள்ளிப்போட்டா உசுருக்கே ஆபத்துன்னு சொல்லிட்டாரு.

"காலை எடுத்துட்டா எங்கிட்ட மிச்சம் இருக்கிறது வாய்தான் சார், அதை வச்சு மூட்டம் அடுக்க முடியாதே"ன்னுச்சு பஞ்சவர்ணம்.

அவர் சிரிக்கல. மூணாவது மாடியில ஒரு மருந்து தயாராகுது, அது அந்தத் திங்கக்கிழமைக்கு முன்னால கைக்கு வந்துட்டா நான் கத்தியைத் தொடமாட்டேன்னு மட்டும் சொன்னாரு.

அந்த மருந்தோட கதை எங்க கண்மாய்லதான் ஆரம்பிக்குது. முன்னொரு காலத்துல, அதாவது எங்க ஊருக்குத் தார் ரோடு வர்றதுக்கு முன்னால, ஒரு கார் வந்து கண்மாய்க்கரையில நின்னுச்சு. வெள்ளைக் கையுறை போட்டவங்க இறங்கி, மடைக்குப் பக்கத்துல ஒரு குழி பறிச்சு, கொஞ்சம் மண்ணைக் கண்ணாடிக் குப்பியில அள்ளிக்கிட்டு, வேடிக்கை பார்த்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் குடுத்துட்டுப் போனாங்க. மண்ணைத் தின்னா முதுகுல ரெண்டு போடுற ஊர்ல, மண்ணை அள்ளிக்கிட்டு மிட்டாய் குடுக்கிறவங்களை நாங்க அன்னைக்குத்தான் பார்த்தோம். அந்த மண்ணுல கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர் இருந்துச்சாம். அது விடுற சாறு பட்டா அந்தக் கருப்புப் பூசணம் கரைஞ்சு போயிருமாம். கண்டுபிடிச்ச கம்பெனி, நிலத்துக்குப் பட்டா வாங்குற மாதிரி அந்தச் சாறுக்குப் பேட்டன்ட் வாங்குச்சு. வாங்கி மருந்து செஞ்சுச்சான்னா, இல்ல. இந்த நோய் யாருக்கு வருதுன்னு விசாரிச்சிருக்காங்க, செருப்பில்லாதவனுக்கு வருதுன்னு தெரிஞ்சிருக்கு, ஃபைலை மூடி வச்சிட்டாங்க.

ஆனா மூடுன ஃபைலைச் சுத்தி வேலி மட்டும் வளர்ந்துக்கிட்டே இருந்துச்சு. சாறு ஒருத்தன்கிட்ட, சாறைப் பிரிக்கிற முறை இன்னொருத்தன்கிட்ட, பிரிச்சதைப் பார்க்கிற சாயம் வேற ஒருத்தன்கிட்ட, அதைக் குடுத்துச் சோதிக்கிற எலி நாலாவது ஒருத்தன்கிட்ட. எலியான்னு கேக்காதீங்க, எலிதான்; அந்தச் சாதி எலி எந்த வீட்டுப் பொந்துல பொறந்தாலும் அவனோடதாம். அந்தச் சாறை மனுசக் கால்ல போடலாம்ங்கிற யோசனை மட்டும் அஞ்சாவது ஒருத்தன்கிட்ட. கம்பெனிப் பேரெல்லாம் எங்க வாயில நுழையாது. அதனால சாறுக்காரன், முறைக்காரன், சாயக்காரன், எலிக்காரன், காலுக்காரன்னு நாங்களே பேர் வச்சிக்கிட்டோம். டாக்டரம்மா அஞ்சு பேருக்கும் எழுதிக் கேட்டாக. சாறுக்காரன் முறைக்காரனைக் கேளுங்கன்னான், முறைக்காரன் சாயக்காரனைக் கேளுங்கன்னான், சாயக்காரன் எலிக்காரன் ஒத்துக்கிட்டா யோசிக்கலாம்னான், எலிக்காரன் சாறுக்காரன் முதல்ல கையெழுத்துப் போடட்டும்னான், காலுக்காரன் பதிலே போடல. டாக்டரம்மா, நான் விக்கப் போறதில்ல, ஆராயத்தானே போறேன்னு ஆரம்பிச்சிட்டாக. அதுக்குத்தான் அந்த முதல் நோட்டீஸ்.

அதுக்கப்புறம் ஒரு நோட்டீஸ் வந்தா ஒரு கொப்பு. நோட்டீஸுக்கு நினைவூட்டல் வந்தா அந்தக் கொப்புல முள்ளு. டாக்டரம்மா கொப்பை ஒதுக்கிக் கயித்தால கட்டி வச்சிட்டு, கைக்கு ரெண்டு உறை மாட்டிக்கிட்டு வேலை செஞ்சாக. எலிக்குக் குடுத்து, எலி பிழைச்சு, மனுசருக்குக் குடுத்துப் பார்க்கலாம்னு ஆஸ்பத்திரிக் கமிட்டி ஒத்துக்கிட்டு, மருந்தைக் குப்பியில ஊத்தி ஃபிரிட்ஜ்ல வச்சுப் பூட்டுன மறுநாள், அஞ்சு கம்பெனி நோட்டீஸும் ஒரே தபால்ல வந்துச்சு. மத்தியானத்துக்குள்ள ஃபிரிட்ஜ் இருந்த மூலையே தெரியல. புதர். கை விட்டா கை கிழியும், கம்பு விட்டா கம்பு மாட்டிக்கும்.

ஆஸ்பத்திரி இதுக்கெல்லாம் அசந்துபோற இடம் இல்ல. முதல்ல தோட்டக்காரர் வந்து வெட்டுனாரு, வெட்டுன இடத்துல ரெண்டா வந்துச்சு. பொதுப்பணித் துறைக்கு எழுதுனாங்க. கட்டடத்துக்குள்ள மரம்னா அது எங்க எஸ்டிமேட்ல வராதுன்னாங்க. வனத்துறைக்கு எழுதுனாங்க, மாடியில இருந்தா அது காடு இல்லன்னாங்க. கண்காணிப்பாளர் அந்த மரத்துக்குப் பக்கத்துல மண்வெட்டியோட நின்னு ஒரு போட்டோ எடுத்து, மரம் நடு விழான்னு மேலிடத்துக்கு அனுப்பி வச்சாரு. அதுக்குப் பாராட்டு வந்துச்சு.

நாங்க எங்க பங்குக்கு ஆட்டைக் கூட்டிட்டுப் போனோம். லிஃப்ட்காரர் வழி மறிச்சிட்டாரு. "ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான் கூட வரலாம். ஆடெல்லாம் படியில ஏறட்டும்."

ஆடு படியில ஏறிச்சு. மூணாவது மாடியில வயிறு முட்டக் காயைத் தின்னுச்சு, இலையைத் தொடல, படியில இறங்கும்போது படிக்கு ஒரு பிடி புழுக்கை போட்டுக்கிட்டே வந்துச்சு. அந்தப் புழுக்கையில இருந்த விதையெல்லாம் மறுவாரம் படிக்குப் படி செடியா நின்னுச்சு. எங்க ஜில்லா பூராவும் கருவேலம் இப்படித்தான் பரவுச்சுன்னு எங்க ஊர்ல பொறந்த பிள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சோம். ஆட்டைப் பார்த்தா எங்களுக்குப் புத்தி வேலை செய்யாது.

அப்புறம் எல்லாருக்கும் பழகிப்போச்சு. கொப்பு வராந்தாவுக்கு வந்துச்சு, வார்டுக்குள்ள வந்துச்சு. குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட ஸ்டாண்டு பத்தலன்னு ரொம்ப நாளா அழுதுக்கிட்டு இருந்த நர்சுங்க கொப்புல தொங்கவிட்டாங்க. பிள்ளை பெத்தவளுங்க அதுல தூளி கட்டுனாளுங்க. யாரோ அடிமரத்துல திருநீறு பூசி, யாரோ எலுமிச்சம்பழம் வச்சு, லேப் கருப்பன்னு ஒரு சாமி ரெண்டாவது மாடி வளைவுல உண்டாகி, ரத்தப் பரிசோதனைக்குப் போறவங்க முதல்ல அங்க கும்பிட்டுட்டுப் போனாங்க. மருந்துதான் கிடைக்கல, மத்தபடி மரத்தால எல்லாருக்கும் ஏதோ ஒரு சவுகரியம் இருந்துச்சு.

வழிவிட்டான் பேசுற ஆள் இல்ல. அவன் அரிவாளை எடுத்துக்கிட்டு ஆளுங்களோட வந்து வெட்டுனான், முளைக்க முளைக்க வெட்டி லாரியில ஏத்தி ஊருக்குக் கொண்டாந்து, மூட்டம் போட்டுத் தீ வச்சான். புகை வரவே இல்ல. பிரிச்சுப் பார்த்தா ஒரு கட்டைகூட கருகல. உள்ள இருந்த கொப்பெல்லாம் துளிர் விட்டு, பூப் பூத்து, தேனீ வேற மொய்ச்சுக்கிட்டு இருந்துச்சு.

"இம்புட்டு வருசத்துல எரியாத கருவேலத்தை இப்பத்தான் பாக்குறேன்"னான். அதுதான் அந்த மாசம் அவன் பேசுன பெரிய பேச்சு.

டாக்டரம்மா கேட்டுட்டுச் சிரிச்சாக. அவுக வாப்பா விறகுக்கடை வச்சிருந்தவர். "வழிவிட்டாண்ணே, நாம ரெண்டு பேருமே கொப்பையே வெட்டிக்கிட்டு இருக்கோம். தூர் இங்க இல்ல. வேர் எங்கிருந்து வருதுன்னு பார்க்கலாமா?"

வேரைப் பிடிச்சுக்கிட்டுப் போனோம். மேசைக்கு அடியில இருந்து தரையைத் துளைச்சு, ரெண்டாவது மாடி ஆபரேசன் தியேட்டர் சுவர் வழியா, கேன்டீன் அடுப்புக்குக் கீழ போயி, பஸ் ஸ்டாண்டுக்குள்ள வெளிய தலை காட்டிச்சு. அங்க டீக்கடைக்காரர் அதையே பெஞ்சாக்கி ஆட்களை உக்கார வச்சிருந்தாரு. எந்திரிக்கச் சொன்னா முதல்ல டீயைக் குடிக்கட்டும்னாரு. கடப்பாரை, மண்வெட்டி, பின்னால பிள்ளை குட்டி, திருவிழா மாதிரி ஒரு கூட்டம். கம்பெனியெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கு, வேர் எப்படியும் கடலைத் தாண்டும்னு சில பேர் புளிச்சோறு கட்டிக்கிட்டு வந்துட்டாங்க. நிலக்கடலை யாவாரம் பண்றவரு பாஸ்போர்ட்டுக்கு எங்க எழுதணும்னு விசாரிச்சாரு. ஆனா வேர் கடல் பக்கம் போகல. எங்க ஊருக்குப் பிரியிற விலக்கு ரோட்டுல திரும்புச்சு, என் மினிபஸ் போற தடத்துலயே போச்சு, நான் நிறுத்துற ஸ்டாப் ஒண்ணு விடாமத் தொட்டுக்கிட்டுப் போயி, எங்க கண்மாய்க்குள்ள இறங்கி, மடைக்குப் பக்கத்துல, அன்னைக்குக் கையுறைக்காரங்க மண்ணெடுத்த அதே குழியில போயி நின்னுச்சு. அங்க இருந்துச்சு தூர், மாட்டுவண்டிச் சக்கரம் அகலத்துக்கு. எங்க கண்மாய் பூரா கருவேலங்கிறதால, அதுல ஒண்ணு இப்படி நிக்கிறதை நாங்க யாரும் கவனிக்கல.

புளிச்சோத்தை அங்கயே பிரிச்சுச் சாப்பிட்டோம்.

தூரைக் கண்டதும் ஒரு வக்கீல் வந்துட்டாரு. பேர் சுதர்சன், மெட்ராஸ்காரர், நல்ல மனுசர், பேசும்போது கையைக் கட்டிக்கிட்டுத்தான் பேசுவாரு. அஞ்சு கம்பெனிக்கும் சேர்த்து இவர் ஒருத்தர்தான் வக்கீல். மருந்து செய்ய ஒண்ணு சேராதவங்க, மருந்தைத் தடுக்க ஒண்ணு சேர்ந்துட்டாங்க.

"இந்த மரம் எங்க கட்சிக்காரங்களோடது. யாரும் தொடக்கூடாது"ன்னாரு.

ஊர்த்தலைவர் கூரிச்சாமி துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு மரத்தை ஒரு சுத்து சுத்திப் பார்த்தாரு. "வச்சது யாருங்க?"

"வைக்கலங்க. ஆனா இது அவங்க கண்டுபிடிப்புல முளைச்சது."

"முளைச்சது எங்க கண்மாய்ல. கண்மாய்க்குள்ள முளைச்சதெல்லாம் ஊருக்குப் பொது, வருசா வருசம் ஏலம் விடுவோம். உங்க கட்சிக்காரங்களுக்கு வேணும்னா தாராளமா ஏலம் கேளுங்க. வெளியூர்க்காரங்கன்னு நாங்க பாகுபாடு பார்க்கிறதில்ல."

வக்கீல் யோசிச்சுப் பார்த்தாரு. கோர்ட்டுக்குப் போனா வருசக்கணக்காகும், ஏலம்னா இன்னைக்கே முடியும். சரின்னுட்டாரு.

பஞ்சவர்ணம் கரையில காலை நீட்டி உக்காந்திருந்துச்சு. "தம்பி, ஒண்ணு கேக்கலாமா? கண்டுபிடிச்சவனுக்குக் கூலி குடுக்க வேணாம்னு நாங்க யாரும் சொல்லல. வெட்டுனவனுக்கு வெட்டுக்கூலி, அடுக்குனவனுக்கு அடுக்குக்கூலி, அது எங்களுக்கும் தெரியும். ஆனா இவங்க மருந்து செய்யவும் மாட்டாங்க, செய்யிறவளையும் விடமாட்டாங்க. இது என்ன மாதிரித் தொழில்?"

"அது சட்டம்மா"ன்னாரு வக்கீல், கையைக் கட்டிக்கிட்டே.

"அது சரி. எங்க ஊர்லயும் சட்டம் இருக்கு. தலைவர் வாசிப்பாரு, கேட்டுக்கங்க."

கூரிச்சாமி ஏலத்துக்கு முன்னால வழக்கமாச் சொல்றதைச் சொன்னாரு. ஏலம் கேக்கிறவங்க கண்மாய்க்குள்ள வெறுங்காலோட இறங்கி, கேக்கிற மரத்தைத் தொட்டுக்கிட்டுக் கேக்கணும். எடுத்தவங்க, கண்மாய்ல தண்ணி வந்து நிக்கிறதுக்கு முன்னால தூரோட பிடுங்கிட்டுப் போயிரணும். தண்ணி வந்தும் மரம் நின்னா, அது திரும்பவும் ஊரோடது. பணம் திரும்பக் கிடையாது. ஏன்னா மரத்தை எடுத்துப் பிழைக்கத்தான் ஏலமே தவிர, எடுத்து வச்சிக்கிட்டுக் கண்மாயை அடைச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு இல்ல.

"சம்மதமா?"

வக்கீல் வானத்தைப் பார்த்தாரு. துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. "சம்மதம்."

ஷூவைக் கழட்டுனாரு, சாக்ஸைக் கழட்டி ஷூவுக்குள்ள மடிச்சு வச்சாரு, பேன்டை மடிச்சு விட்டாரு. பால் மாதிரிக் கால். நாலு எட்டு வச்சிருப்பாரு, சுருக்குன்னு ஏறிருச்சு ஒரு முள்ளு. பஞ்சவர்ணந்தான் தாலிச்செயின்ல மாட்டியிருந்த ஊக்கைக் கழட்டி, அவர் காலை மடியில வச்சு, முள்ளை எடுத்து, எருக்கம்பால் வச்சு விட்டுச்சு. "நுனி உள்ள நிக்குது தம்பி. வெளிய வந்துரும், வராமலும் போகும்."

ஏலம் ஆரம்பிச்சுச்சு. வக்கீல் ஒரு தொகை கேட்டாரு. பஞ்சவர்ணம் நொண்டிக்கிட்டே இறங்கி மரத்தைத் தொட்டு, அதுக்கு மேல கேட்டுச்சு. அவர் ஏத்துனாரு, இது ஏத்துச்சு. வழிவிட்டான் முகம் வெளுத்துப்போச்சு. "ஏத்தா, நம்மகிட்ட அம்புட்டு ஏது?"

"நீ சும்மா இருய்யா. மனுசர் ஆசையா ஏறுறாரு, ஏறட்டும்."

அதுவரைக்கும் எங்க ஊர்ல யார் வாயிலயும் வராத ஒரு தொகை அவர் வாயில வந்ததும், பஞ்சவர்ணம் மரத்துல இருந்து கையை எடுத்துருச்சு. கூரிச்சாமி மூணு தரம் சொல்லி முடிச்சாரு. வக்கீலுக்குச் சந்தோசம். எங்களுக்கும் சந்தோசந்தான். அந்தப் பணத்தைப் பங்கு வைக்கல, கோயிலுக்கும் வைக்கல. பல வருசமா மண்ணு மூடித் தூந்து கிடந்த வரத்துக்காலை, மேற்க பெரிய கண்மாயோட மிச்சத் தண்ணி வழியிற கலுங்கு வரைக்கும், ஆள் விட்டு மிசின் விட்டுச் சுத்தமாத் தூர் வாரி விட்டோம். வக்கீல் பணத்துல வக்கீல் மரத்துக்கு வாய்க்கால். அவர் அதைக் கார்ல இருந்து பார்த்துட்டு, நல்ல காரியம்னு பாராட்டிட்டுக்கூடப் போனாரு.

போனவர் சும்மா இருக்கல. மழை வந்தாலும் மரத்து மேல படக்கூடாதுன்னு நாலு இரும்புத் தூண் நட்டு, தகரக் கொட்டகை போட்டு, ஒரு காவல்காரரை நாற்காலியோட உக்கார வச்சாரு. பிடுங்குற யோசனையே அவங்களுக்கு வரல. பிடுங்கி என்ன பண்றது? நிக்கிறதுதானே அதோட வேலை.

அப்புறம் நாங்க வானத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தோம். ஐப்பசி பொறந்துச்சு, வானம் வெளுப்பாவே கிடந்துச்சு. தீபாவளி வந்துச்சு, வெடிச் சத்தத்துக்குக்கூட ஒரு மேகம் எட்டிப் பார்க்கல. ஊர்ல ஆளாளுக்குப் பயம் வந்துருச்சு. பஞ்சவர்ணத்துக்கு மட்டும் வரல. புதுச்சேலையைக் கட்டிக்கிட்டு என் பஸ்ல ஏறி, ஆபரேசனுக்கு முன்னால பெட்ல சேரணும்னு ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. இறங்கும்போது என்கிட்ட சொல்லுச்சு: "ஊருக்குத் திரும்பும்போது வரத்துக்காலை ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போண்ணே. வானத்தைப் பார்த்துக் கழுத்து வலிக்கிறவங்க யாரும் வாய்க்காலைப் பார்க்கிறதில்ல."

பார்த்தேன். மேல ஒரு துண்டு மேகம் கிடையாது, வெயில் சுள்ளுன்னு அடிக்குது, வாய்க்கால்ல செம்மண் நிறத்துல தண்ணி, நுரையும் சருகும் தள்ளிக்கிட்டு, யார்கிட்டயும் கேக்காம வந்துக்கிட்டு இருக்கு. எங்கயோ மேற்க மலைப்பக்கம் பெஞ்ச மழை, பெரிய கண்மாய் ரொம்பி, கலுங்கு பாஞ்சு, வாரிவிட்ட வரத்துக்கால்ல இறங்கி ஓடி வருது. ஹாரனை அடிச்சபடியே ஊருக்குள்ள போனேன்.

நாங்க போகும்போது காவல்காரர் நாற்காலி மேல ஏறி நின்னுக்கிட்டு இருந்தாரு. தலைக்கு மேல தகரம் காஞ்சு கிடக்கு, காலுக்குக் கீழ தண்ணி. ஒரு கண்மாய் மேல இருந்து ரொம்பாது, பக்கத்துல இருந்துதான் ரொம்பும்ங்கிறது அந்தக் கொட்டகையைப் போட்டவங்களுக்குத் தெரியல. கூரிச்சாமி இடுப்பளவு தண்ணியில இறங்கி, தூரைத் தொட்டு, "தண்ணி வந்து நின்னுருச்சு, மரம் ஊருக்கு"ன்னு சத்தம் போட்டாரு. காவல்காரர் கையைப் பிடிச்சு இறக்கி விட்டோம். அவரும் வடம் பிடிக்க வந்துட்டாரு.

வழிவிட்டான் தூர்ல வடத்தைச் சுத்துனான். கோயில் தேர் வடம், வேற கயிறு தாங்காது. ஆம்பள பொம்பள, பெரியவங்க சின்னவங்க, அந்தத் தெரு இந்தத் தெருன்னு இல்லாம, தேருக்குக்கூட அப்படி ஒரு கூட்டம் ஒண்ணாக் கை வச்சதில்ல, பிடிச்சு இழுத்தோம். ஊறுன மண்ணு முதல்ல முனகுச்சு, அப்புறம் விட்டுச்சு. தூர் பேந்து வந்துச்சு, பின்னாலயே வேர், வேர்னா அப்படி ஒரு வேர், நாங்க கரையேறி, ஊரைத் தாண்டி, டவுனுக்கு எதிர்த்திசை ரோட்டுல இழுத்துக்கிட்டுப் போக, அது வந்துக்கிட்டே இருக்கு. விலக்கு ரோட்டுல தார் பொளந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சுக்கிட்டு இருந்தவங்க பெஞ்சோட நகர்ந்து போயி, கிளாஸைக் கீழ விடாம அடுத்த கடையில இறங்கிக்கிட்டாங்க.

ஆஸ்பத்திரியில முதல்ல ஆடுனது குளுக்கோஸ் பாட்டில். வார்டுல பஞ்சவர்ணம் படுத்திருந்துச்சு. கால்ல, வெட்டுற இடத்துல, பேனாவால கோடு போட்டிருந்தாங்க. தலைக்கு மேல இருந்த கொப்பு சரசரன்னு பின்னால போகுறதைப் பார்த்ததும் எந்திரிச்சு உக்காந்து, "ஏ பிள்ளைகளா, தூளியை அவுங்க! பாட்டிலைக் கையில பிடிங்க!"ன்னு கத்துச்சு. ஆளாளுக்கு அவங்கவங்க பாட்டிலை அவங்கவங்க கையில உசத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்க, மூணாவது மாடியில இருந்து அந்தப் புதரே படி வழியா இறங்கி, லேப் கருப்பனோட எலுமிச்சம்பழத்தையெல்லாம் உருட்டிக்கிட்டு, லிஃப்ட்காரர் ஒதுங்கி நின்னு சல்யூட் வைக்க, வாசலைத் தாண்டிப் போச்சு. ஒரு முள்ளு ஒருத்தர் மேல கீறல.

டாக்டர் ரிஸ்வானா ஃபிரிட்ஜைத் திறந்தாக. குப்பி வச்ச இடத்துல அப்படியே இருந்துச்சு. அதை எடுத்துக்கிட்டு ரெண்டு மாடியும் ஓடி இறங்கி, மூச்சு வாங்க வார்டுக்குள்ள வந்து நின்னாக. பெரிய டாக்டரும் வந்தாரு.

பஞ்சவர்ணம் காலை நீட்டிக் காட்டுச்சு. "சார், முதல்ல அந்தக் கோட்டை அழிங்க. பார்க்கவே கூசுது."

அவர் பஞ்சுல ஸ்பிரிட்டைத் தொட்டு, அவரே அழிச்சு விட்டாரு.

மருந்துக்கு நோய் கேட்டுச்சு. எடுத்த எடுப்புல இல்ல, மெல்ல மெல்ல, ஓட்டை ஒண்ணொண்ணா மூடி, குருணை நின்னு, அடுத்த வருச மூட்டத்துக்குப் பஞ்சவர்ணம் செருப்புப் போட்ட ரெண்டு காலோட வந்து கட்டை அடுக்குச்சு. அந்த மூட்டத்துல போட்டது அதே கருவேலந்தான். தூரோட வந்த பிறகு அது மத்த மரம் மாதிரி ஒழுங்கா எரிஞ்சு நல்ல கரியாச்சு. லாரி லாரியாப் போச்சு. மெட்ராஸ்ல எத்தனையோ வக்கீல் சட்டை அதுல விறைப்பாகியிருக்கும்.

சுதர்சன் வக்கீல் திரும்பவும் ஒருநாள் வந்தாரு, கேஸுக்கு இல்ல. மூணாவது மாடி ரூமுக்கு வெளியில இப்ப ஒரு பெஞ்சு. எந்தெந்த ஊர்ல இருந்தோ வந்து, வீங்குன காலோட வரிசையா உக்காந்திருந்தாங்க. சோதனைக்கு வந்த பஞ்சவர்ணமும் இருந்துச்சு. வக்கீல் ஒரு கால்ல ஷூவும் ஒரு கால்ல ரப்பர் செருப்புமா நொண்டி வந்து நின்னாரு. பஞ்சவர்ணம் தள்ளி உக்காந்து இடம் குடுத்துச்சு.

"நுனி வெளிய வரல போல."

"வரலம்மா."

டாக்டரம்மா அவர் காலைக் குனிஞ்சு பார்த்தாக. மருந்தைக் கொண்டாந்து பெஞ்சுல வச்சுட்டு, பஞ்சை எடுக்க உள்ள போனாக. வக்கீல் அந்தப் பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. பழகுன கண்ணு, கம்பெனிப் பேரைத் தேடுது. கீழக்கூரணிக் கண்மாய்னு மட்டும் எழுதியிருந்துச்சு.

"இது... யார்கிட்ட அனுமதி வாங்கிப் போடுறாங்க?"

"வாங்கணும்ங்கிறீகளா தம்பி?"ன்னுச்சு பஞ்சவர்ணம். "உங்களுக்குத் தெரிஞ்ச அஞ்சு பேரு இருக்காங்கள்ல, போயி ஒவ்வொருத்தரா கேட்டுட்டு வாங்க. மருந்து இங்கதான் இருக்கும், ஓடிராது. காலு அதுவரைக்கும் காத்திருக்குமான்னு மட்டும் அதுகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க."

வக்கீல் பாட்டிலைப் பார்த்தாரு. பெஞ்சு பூராவும் இருந்த காலைப் பார்த்தாரு. அப்புறம் பாட்டிலைக் கீழ வச்சிட்டு, ரப்பர் செருப்பைக் கழட்டி, காலை நீட்டுனாரு.